விலகிக்கொண்டே இருக்கும் பெரியக்கா

பதவியில் இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பதவிக்காக நாயாய் அலைபவர்களையும் பார்த்திருப்பீர்கள். உலகம் இந்த இரண்டு வகையோடு முடிந்துவிட்டது என்று நினைத்தீர்களானால், மன்னிக்கவும், உங்களுக்கு ஊர் நடப்பு தெரியாது. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. பதவியை விட்டு விலகப் போகிறவர்கள்! இவர்கள் நேற்றே விலகியிருப்பார்கள், ஏதோ ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. நாளைக்கு நிச்சயம் விலகிவிடுவார்கள், அதற்குள் ஒரு முகாம் வந்து தொலைத்துவிட்டது. "நான் என்ன இந்த நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டா தொங்கறேன்?" என்று கேட்பார்கள். கேட்கும்போது கொஞ்சம் கீழே பாருங்கள். இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த வகையில் முதல் தரமான ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். ரொம்பப் பக்கத்தில் போகாதீர்கள். போனால் ஒரு வேலை கொடுத்துவிடுவார். கொடுத்த வேலையை நீங்கள் தொடங்குவதற்குள் பிடுங்கி, அதை அவரே செய்தும் முடித்துவிடுவார். நீங்கள் வெறுங்கையோடு நிற்பீர்கள், அவர் "எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான்" என்று பெருமூச்சு விடுவார்.

ஊரில் அவருக்குப் பெயர் பெரியக்கா. பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருக்கிறார்கள்; அதை இப்போது அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். பகலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். "மூச்சை இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... ம், இப்ப விடுங்க." ஊரார் மூச்சு விடுவதற்கே அவருடைய அனுமதி வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, ஊரார் பெற்ற பெண்பிள்ளைகள் எம்மாத்திரம்? சனிக்கிழமை சாயங்காலமானால் அந்த வட்டாரத்துச் சிறுமியர் தொண்டர் படைக்கு அவர்தான் தலைவி. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போட, கூடாரம் அடிக்க, அடிபட்டவருக்குக் கட்டுக் கட்ட, தொலைந்துபோனால் பதறாமல் வீடு வந்து சேரச் சொல்லித்தரும் படை. சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது. லீவு கேட்டால் யார் கொடுப்பது? அவரே கொடுக்க வேண்டும். அவர் கொடுக்க மாட்டார்.

கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு. அதில் ஒரு விசில், ஒரு சாவி. சாவி, படையின் சாமான் அலமாரிக்கு. விசில், படைக்கே. ஒரு நீள விசில் என்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மூன்று குட்டி விசில் என்றால், கையில் என்ன இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு, ஊதியவர் எதிரில் ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும். இந்த ஒரு பாடத்தைப் பெரியக்கா பிள்ளைகளின் எலும்புவரை இறக்கியிருந்தார். பிள்ளைகளுக்கு மட்டுமா? அவருடைய கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஒருமுறை மாடிவீட்டு ஃபிரிட்ஜின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, கீழே தெருவில் மூன்று குட்டி விசில் கேட்டிருக்கிறது. மறுமுனையைப் பிடித்திருந்தவர் இன்றுவரை மெக்கானிக்கோடு பேசுவதில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் தேடாதீர்கள். சோபாவில் கூடாரத் துணி படுத்திருக்கும். ஜன்னல் கம்பியில் கயிறுகள் காயும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஆப்புகள், அலமாரியில் புடவைக்குப் பதில் கொடிகள், குளியலறையில் வாளி மேல் வாளி. படையின் சாமான் அலமாரி காலியாகத்தான் இருக்கிறது. அதை யாருக்கும் சொல்லவில்லை. மெக்கானிக் கல்யாணத்துக்கு வாங்கிய சோபா அது. அதில் சாய்ந்து உட்கார வேண்டும் என்பது அந்த மனிதரின் ஒரே ஆசை. "இந்த வருஷத்தோட சரிங்க, அடுத்த வருஷம் நீங்க காலை நீட்டிப் படுக்கலாம்" என்று பெரியக்கா வருஷா வருஷம் வாக்குக் கொடுப்பார். மெக்கானிக்கும் வருஷா வருஷம் தரையில் உட்கார்ந்துகொண்டே தலையாட்டுவார்.

படையில் சேரும் பிள்ளைகள் உறுதிமொழி ஒன்று எடுத்துக்கொள்வார்கள். "என் வேலையை நானே செய்வேன்!" மைதானமே அதிரக் கத்துவார்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே பெரியக்கா வரிசையில் புகுந்து, ஒருத்திக்குக் கழுத்துத் துணியைக் கட்டிவிடுவார், இன்னொருத்திக்கு ஷூ லேஸைக் கட்டிவிடுவார், மூன்றாமவளின் மூக்கைத் துடைத்துவிடுவார். முடிச்சுப் பாடம் நடக்கும் அழகைக் கேளுங்கள். கயிற்றைக் கொடுப்பார். பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டாவது சுற்றில் தடுமாறும். பெரியக்காவின் கை அரிக்க ஆரம்பிக்கும். "நகரு, நான் பண்றேன்." முடிந்தது பாடம். இப்படியாக அந்த வட்டாரத்தில் மிக அருமையாக முடிச்சுப் போடத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர் இருந்தார்.

இனி வருடாந்தரக் கூட்டத்துக்கு வாருங்கள். நடப்பது ஒன்றாம் வகுப்பு அறையில். வந்திருக்கும் கிளைத் தலைவிகள் எல்லாம் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பெரியக்கா எழுந்து தொண்டையைச் செருமுவார்.

"எனக்கு முட்டி வலிக்குது. வீட்டுல அவரைக் கவனிக்க முடியல. புதுசா யாராவது வரணும். நான் ஒண்ணும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கல. யாராவது எடுத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த நிமிஷமே சாவியைக் கழட்டிக் கொடுத்துடறேன்."

அடுத்து ஒரு மௌனம். அடேயப்பா, அது என்ன மௌனம்! கணக்கு டீச்சர் சுவரில் ஒட்டியிருக்கும் எழுத்துகளை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் வாசிப்பார். தையல்கடைக்காரம்மாவுக்கு ஊசி கீழே விழுந்துவிடும். தேடக் குனிந்தவர் ஆபத்து தாண்டும்வரை நிமிர மாட்டார். மற்றவர்கள் மின்விசிறியைப் பார்ப்பார்கள். பெரியக்கா ஒரு சுற்று எல்லோரையும் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எதிரில் யார் கையைத் தூக்குவது?

"யாரும் இல்லையா? சரி, என்ன பண்றது. உங்களுக்காக இந்த ஒரு வருஷம்தான்."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். பிஸ்கட்டும் தேநீரும் வரும். மெக்கானிக்கின் வேனில் வீடு திரும்பும்போது பெரியக்கா சலித்துக்கொள்வார்: "பாத்தீங்களா, விடமாட்டேங்கிறாங்க." மெக்கானிக், பின் கழுத்தில் கூடாரக் கம்பு குத்திக்கொண்டிருக்க, "ஆமாம்மா, கொடுமைதான்" என்பார்.

எத்தனையோ வருஷம் இந்த நாடகம் வசனம் பிசகாமல் நடந்தது. இந்த வருஷமும் நடந்தது. செருமல், முட்டி, புது ஆள், ஒட்டிக்கொள்ளாமை, சாவி. டீச்சர் சுவரைப் பார்த்தார். ஊசி விழுந்தது. கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது.

பெரியக்கா பார்த்தார். "பாத்ரூம் வலது பக்கம்மா," என்றார்.

"அதுக்கில்லக்கா. நான் எடுத்துக்கிறேன்."

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. குனிந்திருந்த தையல்கடைக்காரம்மா பெஞ்சில் தலையை இடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

கையைத் தூக்கியது வாத்து. படையில் சேர்ந்த முதல்நாள், தன் சொந்த அக்காவின் பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டு அணிவகுப்பில் நடந்ததால் வந்த பெயர். முடிச்சுப் பாடத்தில் பெரியக்காவின் கை அதிகம் அரித்தது இவளிடம்தான். வளர்ந்து, இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். போன வருஷம்தான் ஒரு கிளைக்குத் தலைவியாகியிருந்தாள்.

"உனக்கா?" என்றார் பெரியக்கா. "உனக்கு அந்த எட்டுப் போட்ட மாதிரி முடிச்சே வராதேடி."

"வராதுக்கா. பிள்ளைங்களுக்கு வந்தா போதாதா?"

யாரோ முதலில் தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். டீச்சர் பெஞ்சைத் தட்டினார். பெரியக்காவுக்குக் கிடைத்த எந்தக் கைதட்டலைவிடவும் இது பெரிது, நீளம், அதைவிட மோசம், இதில் சந்தோஷம் இருந்தது. "ரொம்ப நல்லதும்மா, எனக்கும் பாரம் குறைஞ்சது" என்று பெரியக்கா பேயறைந்த முகத்தோடு சொன்னார். கை மட்டும் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"முகாம் முடியட்டும்," என்றார். "முகாம் நீதான் நடத்தணும். கூடாரம் நின்னு, கொடி இறங்கினதும் சாவி உன் கையில."

அதாவது, நிற்கவில்லையென்றால்? அதை அவர் சொல்லவில்லை. நாம் புரிந்துகொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து மெக்கானிக் சோபாவை அளந்து பார்த்தார். பாவம், சீட்டியடித்துக்கொண்டே அளந்தார். பெரியக்கா சமையலறையில் நின்று வெறும் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் இனி எங்கே போவது? தெருவில் "பெரியக்கா!" என்று எந்தக் குட்டி ஓடிவரும்? ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக்கொண்டவர்கள் யாராவது திரும்பிப் பார்த்து ஒரு சல்யூட் அடித்ததுண்டா? வேண்டாம் வேண்டாம் என்று இத்தனை வருஷம் சொன்ன ஒன்று, போகிறது என்றதும் நெஞ்சை அடைத்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அடுத்து அவர் செய்ததில் இருக்கிறது.

முகாமுக்கு முந்திய வாரங்களில் வாத்துவுக்குப் பெரியக்காவிடமிருந்து வந்த குரல் செய்திகளைக் கேட்டு முடிப்பதற்குள், வண்டி ஓட்டக் கற்க வந்தவர் லைசென்ஸே வாங்கிவிடலாம். "அந்தப் பச்சை வாளியில ஓட்டை." "பெரிய கூடாரத்தோட வடக்கு மூலைக் கயிறு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்." "நான் தலையிடல, ஒரு தகவலுக்குச் சொன்னேன்." கடைசியில் வாத்துவே வீட்டுக்கு வந்து, கூடாரத் துணிக்குப் பக்கத்தில் சோபாவின் விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, முகாமுக்கு நீங்க கண்டிப்பா வரணும். ஆனா விருந்தாளியா."

"விருந்தாளின்னா?"

"நாற்காலி போடுவேன். உக்காரணும். எழுந்திருக்கக் கூடாது. விசிலைக் கொடுத்துடுங்க."

"நீ எப்படிடி கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருப்ப? தப்பா பண்ணா?"

"என் தொழிலே அதுதானேக்கா. ஸ்டியரிங் அவங்க கையில. என் கை மடியில. காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு, அதை மிதிக்காம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே."

பெரியக்கா விசிலைக் கயிற்றிலிருந்து கழற்றிக் கொடுத்தார். தாராளமாகக் கொடுத்தார். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாரே என்று நமக்கு மூக்கு வேர்த்திருக்க வேண்டும்.

முகாம் நாள். ஊருக்கு வெளியே ஒரு திடல், நல்ல வெயில், லேசான காற்று, எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். நிழலில் இரண்டு நாற்காலி. ஒன்றில் பெரியக்கா. இன்னொன்றில் மெக்கானிக், மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டு. வாத்து அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். கைப்பையைத் துழாவி விசில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட மெக்கானிக், பெரியக்கா கேட்டதும் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார். பார்க்கட்டுமே, பார்ப்பதில் என்ன தப்பு?

பெரிய கூடாரம் தரையில் விரிந்தது. அதை எப்போதும் பெரியக்காதான் எழுப்புவார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். இன்று வாத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டாள். கேட்டாளே பாருங்கள்! ஆளுக்கொரு பதில். ஒருத்தி கம்பை இழுத்தாள், ஒருத்தி துணிக்குள் புகுந்து வழி தெரியாமல் கத்தினாள், இரண்டு பேர் ஒரே கயிற்றை எதிரெதிர்ப் பக்கம் இழுத்து ஒன்றாக மல்லாந்தார்கள். ஆப்பு தலைகீழாக இறங்கியது. சிரிப்பான சிரிப்பு. வாத்துவின் வாய் திறக்கவில்லை. வலது கால் மட்டும் மண்ணை அழுத்தி அழுத்தி ஒரு குழியே விழுந்துவிட்டது.

"ஐயோ, அந்தக் கம்பு தலைகீழா இருக்குங்க," என்றார் பெரியக்கா.

"பிஸ்கட் சாப்பிடும்மா," என்றார் மெக்கானிக்.

"வடக்கு மூலைங்க! அந்தக் குட்டி அங்க முடிச்சே போடல, சுத்தி விட்டுட்டுப் போறா!"

"இன்னொண்ணு சாப்பிடு."

கூடாரம் எழுந்தது. உண்மையாகவே எழுந்தது. எல்லாப் பக்கமும் பிள்ளைகள் கயிற்றில் தொங்கித் தொங்கி இழுக்க, துணி விறைத்து, காற்றை வாங்கி, உச்சி வானத்தைத் தொட்டது. நடுக்கம்பு நேராக நிற்கிறதா என்று பார்க்க வாத்து உள்ளே போனாள். பெரியக்கா மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். அவர் கண்ணுக்கு எழுந்த கூடாரம் தெரியவில்லை. வடக்கு மூலை தெரிந்தது. அங்கே கயிறு நழுவிக்கொண்டிருந்தது. விழப்போகிறது, பிள்ளைகள் தலையில் விழப்போகிறது, யாருமே பார்க்கவில்லை, தான் ஒருத்திதான் பார்க்கிறோம்! கண்ணாடிக் கூடு திறந்தது. அதற்குள் கண்ணாடி இல்லை.

பீப். பீப். பீப்.

நீங்களே சொல்லுங்கள். கையில் என்ன இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

திடல் முழுக்க ஒரே சமயத்தில் எல்லாக் கைகளும் கயிற்றை விட்டன. எல்லாக் கால்களும் ஓடின. கண்மூடித் திறப்பதற்குள் பெரியக்காவின் எதிரில் படை முழுவதும் வரிசையில் விறைத்து நின்றது. வரிசையின் கடைசியில், மடியிலிருந்த பிஸ்கட்டையும் கைப்பையையும் போட்டுவிட்டு, மெக்கானிக்கும் நின்றார். பின்னால் பெரிய கூடாரம் "உஸ்ஸ்" என்று நிதானமாகக் காற்றை விட்டபடி, புதிய தலைவியின் தலைமேல் இறங்கிப் படுத்தது.

முன்வரிசையில் பல் விழுந்த ஒரு வாண்டு சல்யூட் அடித்தது.

"எதுக்குப் பெரியக்கா கூப்ட்டீங்க?"

"அந்த வடக்கு மூலை..." பெரியக்கா விசிலால் அந்தப் பக்கம் காட்டினார். "முடிச்சு நழுவுச்சு. கூடாரம் விழுந்துடும்னு..."

"நான் பாத்துட்டேன் பெரியக்கா. இறுக்கிக் கட்டத்தான் போய்க்கிட்டிருந்தேன். அதுக்குள்ள விசில் கேட்டுச்சு."

அந்த வாண்டின் கையில் எதுவும் இல்லை. ஓடி வந்த அவசரத்தில் ஒரு காலில் செருப்பும் இல்லை. பெரியக்கா அதன் முகத்தைப் பார்த்தார். படுத்துக் கிடந்த கூடாரத்தைப் பார்த்தார். அதன் நடுவில் ஒரு மேடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வரிசையில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும் தன் கணவரைப் பார்த்தார்.

முதலில் தோள் குலுங்கியது. பிறகு நாற்காலியே குலுங்கியது. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு! நிறுத்த முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பெரியக்கா சிரித்தால் வரிசையில் எப்படி நிற்பது என்று யாருக்கும் பாடம் நடந்ததில்லை. படை மொத்தமும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து சிரித்தது.

துணிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "வெளியில என்ன நடக்குது? நான் இன்னும் தலைவிதானா, இல்லையா?"

பெரியக்கா எழுந்து போய், முட்டி வலியையெல்லாம் மறந்து, துணியின் விளிம்பைத் தூக்கி, தவழ்ந்து உள்ளே போனார்.

"யாரது?"

"நான்தாண்டி."

"அக்கா, நீங்க விருந்தாளி. உக்காந்திருக்கணும்."

"உள்ள வந்து உக்காந்துக்கறேன். கையை நீட்டு."

இருட்டில் சாவி கைமாறியது. சிவப்புக் கயிற்றோடு. அதற்குப் பின்னால் ஈரமான விசிலும்.

"இன்னும் கொடி இறங்கலயேக்கா. கூடாரமும் நிக்கல."

"நின்னுதான் இருந்துச்சு. நான்தான் விழ வச்சேன். பிடி, சீக்கிரம். கொடி இறங்கற வரைக்கும் இருந்தா மனசு மாறிடுவேன்."

"அழறீங்களாக்கா?"

"சிரிக்கிறேன்."

"ரெண்டும் கேக்குதே."

"ரெண்டும்தாண்டி. எனக்கு இத்தனை வருஷமும் பயம். நான் பிடிக்கலைன்னா எல்லாம் விழுந்துடும்னு. அதான் ஒண்ணையும் ஒருத்தி கையிலயும் விடல."

"எனக்கும்தான் பயமா இருக்கு. கால் மரத்துப்போச்சுக்கா."

மேலே பொத்தென்று ஏதோ விழுந்தது. ஒரு வாண்டு உள்ளே யார் என்று பார்க்கத் துணிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. நம் வட்டாரத்துத் தலைமைப் பொறுப்பு முறைப்படி ஒப்படைக்கப்பட்டது இப்படித்தான். மேடை இல்லை, மாலை இல்லை, இரண்டு தலைவிகள் மீதும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு கூடாரம் மறுபடி எழுந்தது. வடக்கு மூலையில் ஒற்றைச் செருப்புக்காரி கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அது எந்தப் பாடத்திலும் இல்லாத முடிச்சு. கூடாரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, யாரிடமோ ரகசியம் கேட்பதுபோல. ஆனால் நின்றது, சாயங்காலம் கொடி இறங்கும்வரை நின்றது. பெரியக்கா கடைசிக் கயிறு கட்டி முடிந்த பிறகுதான் மூச்சை விட்டார்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் இருக்கிறது. சோபாவில் மெக்கானிக் காலை நீட்டியிருப்பார். பக்கத்தில் பெரியக்கா. இனி எந்தக் குட்டியும் தன்னைத் தேடாது என்று பயந்தாரே, அது வீண் பயம். தெருவில் ஒவ்வொரு குட்டியும் நின்று சல்யூட் அடிக்கிறது. தொல்லை வேறு இடத்தில். மெக்கானிக் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கத் தெரியாமல் தப்பான முனையைக் கிழித்துக்கொண்டிருப்பார். பெரியக்காவின் கை அரிக்கும். உதடு "நகருங்க" என்பதுவரை வந்துவிடும். அவர் சட்டென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்வார். பிஸ்கட் நொறுங்கும். நொறுங்கட்டும்.

நீங்கள் சிரித்தீர்கள். நன்றாகவே சிரித்தீர்கள், கேட்டது. நேற்று உங்கள் வீட்டில் டப்பா மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கியது யார்? ஆபீசில் புதிதாக வந்தவர் பாதி அடித்திருந்த கடிதத்தை, "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டது யார்? "எல்லாம் என் தலையிலதான்" என்று சாயங்காலம் சலித்துக்கொண்டதும் அவரேதானே? அதோ, அடுத்த அறையில் இப்போதுகூட யாரோ போர்வையைத் தப்பாக மடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். முதலில் வாயில் இருக்கும் அந்த விசிலை எடுங்கள்.